எலக்ட்ரானில் சுற்றுவது எது? நிறை, ஸ்பின் பற்றிய மாற்றுக் கோட்பாடுகளுக்கு ஓர் அறிமுகம்

எலக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். அதன் ஸ்பின், அதாவது தற்சுழற்சி, அரை. பிளஸ் டூவில் அறிவியல் படித்த எல்லோரும் இந்த இரண்டையும் மனப்பாடம் செய்திருப்போம். காரைக்குடியில் என்னிடம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அநேகமாக ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "சார், எலக்ட்ரான் ஒரு புள்ளின்னு சொல்றீங்க. புள்ளி எப்படி சார் தன்னைத்தானே சுத்தும்?" என்று கேட்டுவிடும். பின்னாலேயே அடுத்த கேள்வி வரும்: "அந்த நிறை எங்கேருந்து சார் வந்துச்சு?"

"அது அப்படித்தான், எழுதிக்கோ" என்று சொல்லி அந்தப் பிள்ளையை உட்கார வைப்பது பெரிய பாவம். நூறு வருடமாக உலகின் தலைசிறந்த மூளைகளைத் தூங்கவிடாத கேள்விகள் இவை. வழக்கமான பதிலில் மனம் ஆறாதவர்கள் மாற்றுப் பதில்களைத் தேடியிருக்கிறார்கள். அவற்றில் சில அழகானவை, சில ஆழமானவை, சில கணக்கு போட்ட மறுநிமிடமே உடைந்தவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க, பள்ளிக்கூடக் கணக்கே பெரும்பாலும் போதும். அதைச் செய்து காட்டத்தான் இந்தக் கட்டுரை.

மாற்று என்றால் எதற்கு மாற்று என்று தெரிய வேண்டும். வழக்கமான பதில் 1939-ல் யூஜின் விக்னர் கொடுத்தது. ஓர் ஆய்வை இங்கே செய்தாலும் தேவகோட்டையில் செய்தாலும், இன்று செய்தாலும் நாளை செய்தாலும், கருவியை வடக்குப் பார்த்து வைத்தாலும் கிழக்குப் பார்த்து வைத்தாலும், ஓடுகிற ரயிலில் வைத்தாலும், இயற்கையின் விதிகள் மாறாது. இந்த ஒரே சமச்சீரை எடுத்துக்கொண்டு, "இதற்குள் எந்த மாதிரித் துகள்கள் இருக்க முடியும்?" என்று விக்னர் கணிதத்தைக் கேட்டார். வந்த விடை: ஒரு துகளுக்கு இரண்டு அடையாள எண்கள் உண்டு. ஒன்று நிறை, மற்றது ஸ்பின். ஸ்பின் 0, ½, 1, 1½ என்று அரை அரையாகத்தான் ஏறும். நிறை எதுவாகவும் இருக்கலாம்.

நிறையும் ஸ்பின்னும் எப்போதும் சேர்ந்தே பேசப்படுவது இதனால்தான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் எலக்ட்ரானுக்கு ஏன் இந்த நிறை, ஏன் அரை ஸ்பின் என்று விக்னரின் விடை சொல்லாது. அது எந்தெந்த எண்கள் வரலாம் என்பதோடு நின்றுவிடும். மாற்றுக் கோட்பாடுகள் எல்லாம் முளைப்பது அந்த இடைவெளியில்தான்.

முதலில் ஸ்பின். 1922-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்தர் கெர்லாக்கும் வெள்ளியைச் சூடாக்கி, அதிலிருந்து கிளம்பிய அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியாக அனுப்பினார்கள். சாதாரணக் குட்டிக் காந்தங்களாக இருந்தால் அவை கண்ணாடித் தட்டில் ஒரே பட்டையாக விரிந்து படிந்திருக்க வேண்டும். படிந்ததோ இரண்டு கோடுகளாக. நடுவில் ஒன்றும் இல்லை. 1925 ஜனவரியில் ரால்ஃப் குரோனிக் என்ற இளைஞருக்கு, எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் நிறமாலையில் இருந்த சில புதிர்கள் அவிழும் என்று தோன்றியது. வுல்ஃப்காங் பௌலியிடம் சொன்னார். பௌலி ஏற்கவில்லை. குரோனிக் அதை வெளியிடாமலே விட்டுவிட்டார். அதே வருடம் லைடனில் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இருவருக்கும் அதே எண்ணம் வந்தது. ஆசிரியர் எரன்ஃபெஸ்டிடம் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் மூத்தவர் லோரன்ஸிடம் கேட்டபோது, கணக்கு இடிக்கிறது என்றார். பயந்துபோய்க் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று எரன்ஃபெஸ்டிடம் ஓடினால், அவர் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். நல்லவேளை.

லோரன்ஸ் சொன்ன சிக்கலை நாமே போட்டுப் பார்க்கலாம். எலக்ட்ரானை 2.8 × 10⁻¹⁵ மீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரானின் நிறை ஆற்றல் முழுவதும் அதன் மின்புலத்தில் இருக்கிறது என்றால் கிடைக்கும் அளவு இது. கோண உந்தத்தின் குவாண்ட அலகு என்பது பிளாங்க் மாறிலியை இரண்டு பையால் வகுத்தது. எலக்ட்ரானிடம் இருப்பது அதில் பாதி. திட உருண்டைக்கான பள்ளிச் சூத்திரத்தில் இதையெல்லாம் போட்டு, உருண்டையின் மேற்பரப்பு எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று கேட்டால், ஒளியின் வேகத்தைப் போல் 171 மடங்கு என்று வருகிறது. உருண்டையை இன்னும் சிறிதாக்கினால் வேகம் இன்னும் ஏறும். ஆக, சின்ன உருண்டை தன்னைத்தானே சுற்றுகிறது என்ற படம் அங்கேயே செத்துவிட்டது. இன்றைக்கும் பல விளக்கப் படங்களில் அந்த உருண்டையும் மேலே ஓர் அம்புக்குறியும் வருவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, உருண்டை சுற்றவில்லை என்றால் ஸ்பின் வெறும் காகித எண்ணா? இல்லவே இல்லை. இரும்புத் தண்டு ஒன்றை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்து, மின்னோட்டத்தைத் திருப்பிக் காந்தமாக்கலின் திசையை மாற்றினால் தண்டு லேசாகத் திரும்பும். யாரும் தொடவில்லை. உள்ளே எலக்ட்ரான்களின் ஸ்பின் திசை மாறுகிறது. மொத்தக் கோண உந்தம் மாறக் கூடாது என்பதால் தண்டு எதிர்ப்பக்கம் திரும்பி ஈடு கட்டுகிறது. 1915-ல் ஐன்ஸ்டீனும் டி ஹாஸும் செய்த ஆய்வு இது. கண்ணுக்குத் தெரியும் இரும்பைத் திருப்புகிறது என்றால், ஸ்பின் அசல் கோண உந்தம்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் படுத்திருப்பவரின் உடம்பில், தண்ணீருக்குள் இருக்கும் ஹைட்ரஜன் புரோட்டான்களின் ஸ்பின்னைத்தான் கருவி தட்டிப் பார்க்கிறது. 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் அவை வினாடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை தலையாட்டுகின்றன.

அந்த 1915 ஆய்வில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஸ்பின் என்ற எண்ணமே அப்போது இல்லை. எலக்ட்ரான்கள் அணுவுக்குள் வட்டமாக ஓடுவதால்தான் இரும்பு காந்தமாகிறது என்று நினைத்தார்கள். அப்படி ஓடினால், காந்தத் திறனுக்கும் கோண உந்தத்துக்கும் உள்ள விகிதம் ஓர் எண்ணாக வரும். அதை ஜி என்று சொல்வார்கள். வட்ட ஓட்டத்துக்கு ஜி 1. ஐன்ஸ்டீனும் டி ஹாஸும் அளந்து 1.02 என்று வெளியிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் மற்றவர்கள் கவனமாக அளந்தபோது 2-ஐ ஒட்டி வந்தது. சரியான விடை 2. மனதில் ஒரு படம் பதிந்துவிட்டால், ஐன்ஸ்டீன் நின்ற ஆய்வகத்திலும் அளவீடு அந்தப் படத்தின் பக்கம் சாயும். அந்த 2-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது வரும்.

ஸ்பின் அரை என்பதன் விசித்திரத்தைக் கையாலேயே உணரலாம். வலது உள்ளங்கையை மேல்பார்த்து விரித்து அதில் தண்ணீர் டம்ளரை வையுங்கள். டம்ளர் சாயாமல், கையை உடம்பின் பக்கம் திருப்பி, அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். டம்ளர் பழைய திசைக்கே வந்துவிட்டது. ஆனால் முழங்கை மேலே தூக்கிக்கொண்டு, கை முறுக்கிக்கிடக்கும். இப்போது நிறுத்தாமல் அதே திசையில், இந்தத் தடவை தலைக்கு மேலாக, இன்னொரு முழுச் சுற்று. முறுக்கு அவிழ்ந்து கை இயல்புக்கு வந்துவிடும். ஒரு சுற்றில் திரும்பாதது இரண்டு சுற்றில் திரும்புகிறது. அரை ஸ்பின் துகளும் இப்படியே. 360 டிகிரி திருப்பினால் அதன் அலையின் குறி மாறிவிடும், 720 டிகிரி திருப்பினால்தான் பழைய நிலை. இது கணிதக் கற்பனையும் இல்லை. 1975-ல் நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் காந்தப்புலத்தில் திருப்பி மறுபடி சேர்த்து, ஐரோப்பாவில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் இதை நேரடியாகப் பார்த்துவிட்டன.

இனி மாற்றுக் கோட்பாடுகள். முதலில், நம் பக்கத்திலேயே கேட்ட ஒன்று. கானாடுகாத்தானில் ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. தன் கோட்பாட்டை ஒரு நீள நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவர் வீட்டு வளவில், ஆத்தங்குடிக்கல் தரையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"தம்பி, ஒளியைப் பிடிச்சு வளையமாச் சுருட்டிட்டா, அதுதான் எலக்ட்ரான். ஒளிக்கு ஆற்றல் இருக்கு, ஆற்றல்னா நிறை. சுத்துறதால ஸ்பின். ஒரே அடியில ரெண்டும் வந்துருச்சு. இதுல என்ன தப்பு?" என்றார்.

"தப்புன்னு சொல்ல வரலண்ணே. போட்டே பார்த்துருவோம்," என்றேன்.

இந்த எண்ணம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. 1915-லேயே பார்சன் என்பவர் எலக்ட்ரானை மின்னூட்டம் ஓடும் வளையம் என்றார். 1997-ல் வில்லியம்சன், வான் டெர் மார்க் என்ற இருவர், எலக்ட்ரான் என்பது வளையமாகச் சுருண்ட ஃபோட்டானா என்று கேட்டு ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். நாங்கள் போட்ட கணக்கு இது. எலக்ட்ரானின் நிறைக்குச் சமமான ஆற்றலுள்ள ஒளிக்கு ஓர் அலைநீளம் உண்டு. அலை ஒரே சுற்றில் தலையும் வாலும் பொருந்துகிற மாதிரி வளையமாக்கினால் ஆரம் 3.86 × 10⁻¹³ மீட்டர். கோண உந்தம் என்பது உந்தத்தை ஆரத்தால் பெருக்கியது. விடை சரியாக ஒரு குவாண்ட அலகு. நமக்கு வேண்டியதோ அரை.

"ரெண்டு சுத்தாச் சுத்தினா?" என்றார். டம்ளர் வித்தையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அலை இரண்டு சுற்றில் பொருந்தினால் ஆரம் பாதியாகும், 1.93 × 10⁻¹³ மீட்டர். கோண உந்தமும் பாதி. அரை ஸ்பின் கிடைத்துவிட்டது! அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அப்புறம் காந்தத் திறனைப் பார்த்தோம். மின்னூட்டம் ஒளிவேகத்தில் வளையத்தைச் சுற்றினால் எவ்வளவு காந்தம் உண்டாகும் என்பது பிளஸ் டூ கணக்கு. முதல் வளையத்துக்கு, அதாவது ஸ்பின் தப்பாக வந்த பெரிய வளையத்துக்கு, போர் மேக்னட்டான் என்ற அளவு கிடைக்கிறது. எலக்ட்ரானில் அளந்ததும் ஏறத்தாழ அதுதான். ஸ்பின் சரியாக வந்த சின்ன வளையத்துக்கோ அதில் பாதிதான் வருகிறது. ஸ்பின்னைச் சரிசெய்தால் காந்தம் தப்புகிறது, காந்தத்தைச் சரிசெய்தால் ஸ்பின் தப்புகிறது. எந்த ஆரம் வைத்தாலும் ஜி 1-லேயே நிற்கும். நிறையும் மின்னூட்டமும் ஒன்றாகவே ஓடுகிற எந்த வட்டத்துக்கும் ஜி 1-தான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் ஐந்தொகை எடுக்கும்போது, வரவுப் பக்கம் மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது. பற்றும் வரவும் ஒரே நேரத்தில் நேராக வேண்டும். ஒரு பக்கத்தைத் திருத்தினால் இன்னொரு பக்கம் இடிக்கிறது என்றால், எங்கோ ஒரு பதிவே தப்பு. துகள் கோட்பாட்டிலும் ஸ்பின், காந்தத் திறன், நிறை, அளவு என்ற நாலும் ஒரே சேர நேராக வேண்டும்.

"அப்ப ரெண்டுல ஒண்ணுதான் கைக்கு வரும்ங்கிறீங்க," என்றார் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிறையும் மின்னூட்டமும் வேற வேற மாதிரி ஓடினா?" என்று கேட்டார். அசந்துபோனேன். சரியான கேள்வி அதுதான்.

1928-ல் டிராக், குவாண்டம் விதிகளையும் சார்பியலையும் பொருத்தி ஒரு சமன்பாடு எழுதினார். அவர் ஸ்பின்னைத் தேடிப் போகவில்லை. சமன்பாட்டிலிருந்து அரை ஸ்பின்னும் வந்தது, ஜி 2-ம் வந்தது. வளையம், உருண்டை எதுவும் இல்லாமல். ஆனால் எது சுற்றுகிறது என்று சமன்பாடு வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதை வாசித்து விளக்கம் சொல்ல முயன்றவர்களில் மூன்று பேரின் வழி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒன்று, ஷ்ரோடிங்கர் 1930-ல் கண்டது. டிராக் சமன்பாட்டின்படி, சும்மா போகிற எலக்ட்ரான்கூட 10⁻¹³ மீட்டர் அளவில் மிக மிக வேகமாக நடுங்குகிறது. அதற்கு அவர் வைத்த ஜெர்மன் பெயர் ட்ஸிட்டர்பெவேகுங். டேவிட் ஹெஸ்டனஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1990-களையொட்டி, ஸ்பின் என்பது இந்த நடுக்கத்தின் வட்ட அசைவுதான் என்று வாதிட்டார். எலக்ட்ரான் புள்ளிதான், ஆனால் அந்தப் புள்ளி ஒளிவேகத்தில் சுருள்பாதையில் போகிறது, நாம் நிறை என்று அளப்பது அந்தச் சுழலின் அதிர்வெண்ணைத்தான் என்பது அவர் பார்வை. நிறையும் ஸ்பின்னும் ஒரே அசைவின் இரு முகம் என்பதால் மனதுக்கு இனிக்கிறது. 2010-ல் சிறைப்பிடித்த ஒற்றை அயனியை வைத்து இந்த நடுக்கத்தை ஒத்த ஒன்றை ஆய்வகத்தில் செய்தும் காட்டினார்கள். அது டிராக் சமன்பாட்டைப் பின்பற்றும்படி அமைத்த அயனியே தவிர, அசல் எலக்ட்ரானின் நடுக்கத்தை அப்படி நேரில் யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது. பெலின்ஃபான்டே 1939-ல் கணக்கைப் போட்டு வைத்தார். ஹான்ஸ் ஓஹானியன் 1986-ல் அதைத் தூசு தட்டி எடுத்து எல்லோருக்கும் புரியும்படி எழுதினார். எலக்ட்ரான் ஓர் அலைப்புலம். அந்தப் புலத்துக்குள் ஆற்றல் வட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தின் கோண உந்தத்தைக் கூட்டினால் சரியாக அரை அலகு. மின்னூட்டமும் ஓடுகிறது, ஆனால் ஆற்றல் ஓடுகிற கணக்கில் அல்ல. விகிதம் இரண்டு மடங்காகிறது. ஜி 2 வந்துவிடுகிறது. கானாடுகாத்தான் அண்ணன் கேட்டாரே, அதே கேள்விக்கு இதுதான் விடை. ஒளிவேகத்தை மீறும் சங்கடமும் இல்லை. இதில் புதிய விதி எதுவும் இல்லை, பழைய சமன்பாட்டைப் புதுக் கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான். ஆனாலும் "எது சார் சுத்துது?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "புலத்துக்குள் ஆற்றல் சுற்றுகிறது" என்று நான் நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது.

மூன்றாவது துணிச்சலானது. 1968-ல் பிராண்டன் கார்ட்டர், மின்னூட்டத்தோடு சுழலும் கருந்துளையின் சமன்பாட்டை ஆராய்ந்தபோது, அதற்கும் ஜி 2 என்று கண்டார். கருந்துளைக்கும் எலக்ட்ரானுக்கும் என்ன உறவு? எலக்ட்ரானின் ஸ்பின்னையும் நிறையையும் அந்தச் சமன்பாட்டில் போட்டால் ஒரு வளையம் கிடைக்கிறது. அதன் ஆரம் 1.93 × 10⁻¹³ மீட்டர். நாங்கள் வளவில் உட்கார்ந்து கண்ட அதே எண். ரஷ்யாவின் அலெக்சாண்டர் புரின்ஸ்கி இந்த வழியைப் பல வருடம் தொடர்ந்தார். சிக்கல் என்னவென்றால், எலக்ட்ரானின் நிறையோடு ஒப்பிட்டால் அதன் ஸ்பின் மிக அதிகம். அதனால் கருந்துளைக்கு உரிய மூடுதிரை உருவாகாது, மையத்தின் முடிவிலி வெளியே அம்மணமாக நிற்கும். அதை எப்படி ஆற்றுவது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

10⁻¹³ மீட்டர் வளையம் என்று சொல்லும் எந்தக் கோட்பாடும் கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எலக்ட்ரானை மிக அதிக ஆற்றலில் மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 10⁻¹⁸ மீட்டர் வரைக்கும் உள்ளே போய்ப் பார்த்தாலும் அது புள்ளியாகத்தான் நடந்துகொள்கிறது. வளையம் அதைவிட ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு பெரியது. ஹெஸ்டனஸுக்குத் தப்பிக்க வழி உண்டு, ஏனென்றால் அவருக்கு ஓடுவது புள்ளிதான். வளையமே எலக்ட்ரான் என்பவர்களுக்கு அந்த வழி இல்லை. தவிர, ஜி உண்மையில் 2 அல்ல, 2.002319 என்று நீள்கிறது. 1948-ல் ஜூலியன் ஷ்விங்கர் இந்த உபரியின் முதல் பகுதியைக் கணக்கிட்டார். இன்று அளவீடும் கணக்கும் பத்து இலக்கங்களுக்கு மேல் ஒத்துப்போகின்றன. ஒரு மாற்றுக் கோட்பாடு 2-ஐ எட்டினால் கைதட்டலாம். இந்த உபரியையும் எட்டினால்தான் பந்தியில் இடம்.

இனி நிறை. ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்த 2012 ஜூலை 4-க்குப் பிறகு, வெளியெங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலம்தான் எல்லாவற்றுக்கும் நிறை கொடுக்கிறது என்று எல்லாச் செய்தித்தாளும் எழுதின. அது பாதிகூட உண்மை இல்லை. புரோட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். துகள்களின் நிறையை ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம்; அப்படிப் பார்த்தால் அதன் நிறை 938 மெகா எலக்ட்ரான்வோல்ட். உள்ளே இருக்கும் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் வருவது 9-ஐ ஒட்டித்தான். மீதி 99 சதவீதம், குவார்க்குகளின் ஓட்டத்திலும் அவற்றைக் கட்டிப்போடும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றல். 60 கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஹிக்ஸ் கொடுத்த பங்கு என்று பார்த்தால் ஏறத்தாழ 600 கிராம். மிச்சம் அத்தனையும் அடைபட்ட ஆற்றல். ஒளியைச் சுருட்டினால் நிறை வரும் என்ற அந்த நீள நோட்டு, எலக்ட்ரானுக்குப் பொருந்தாவிட்டாலும், அடிப்படையில் ஒரு உண்மையைத் தொட்டிருக்கிறது. புரோட்டானில் ஆற்றல்தான் நிறையாக உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பின்னிலும் புரோட்டான் அதிர்ச்சி கொடுத்தது. மூன்று குவார்க்குகளின் ஸ்பின்னைக் கூட்டினால் புரோட்டானின் ஸ்பின் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1988-ல் ஐரோப்பாவின் செர்ன் துகள் ஆய்வகத்தில் நடந்த ஆய்வு ஒன்று, குவார்க்குகளின் பங்கு மிகக் குறைவு என்றது. இன்றைய மதிப்பு 30 சதவீதத்தை ஒட்டி. மீதி குளுவான்களிலும் சுற்றோட்டத்திலும் இருக்கிறது.

எலக்ட்ரானுக்கு வந்தால், ஹிக்ஸ் புலத்தோடு அது எவ்வளவு பிணைகிறதோ அவ்வளவு நிறை என்பது இன்றைய பதில். அந்தப் பிணைப்பின் அளவு ஏன் அவ்வளவு? தெரியாது, அளந்துதான் போட வேண்டும். கேள்வி ஓர் அடி பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. ஹிக்ஸுக்கு முன்னால் வேறு பதில்கள் இருந்தன. 1881-லேயே ஜே.ஜே. தாம்சன், ஓடும் மின்னூட்டத்தின் புலமே அதற்குக் கூடுதல் நிறை கொடுக்கும் என்று காட்டினார். நிறை முழுவதும் மின்காந்தம்தானோ என்று ஆபிரகாமும் லோரன்ஸும் ஆசைப்பட்டார்கள். ஆனால் உந்தத்திலிருந்து கணக்கிட்ட நிறை, ஆற்றலிலிருந்து கணக்கிட்டதைப் போல் மூன்றில் நான்கு மடங்காக வந்து இடித்தது. மின்னூட்டத்தை வெடித்துச் சிதறாமல் பிடித்துவைக்க வேறொரு அழுத்தம் வேண்டும் என்று புவான்காரே காட்டினார். 1994-ல் ஹைஷ், ருவேடா, புட்டாஃப் ஆகியோர் நிலைமம் என்பதே வெற்றிடத்தின் அலைகள் கொடுக்கும் எதிர்ப்பு என்றார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், எலக்ட்ரானுக்கும் அதன் கனமான உறவுத் துகளான மியூவானுக்கும் நிறை ஏன் வேறு என்று அது சொல்லவில்லை. எனக்கு அதில் பிடிப்பு இல்லை.

எலக்ட்ரானுக்குள்ளும் குட்டித் துகள்கள் இருக்கின்றன என்ற பிரியான் கோட்பாடு இன்னும் கவர்ச்சியானது. 1974-ல் பதி, சலாம் இருவரும், 1979-ல் ஹராரி, ஷூப் ஆகியோர் தனித்தனியாகவும் முன்வைத்தார்கள். இதற்கும் ஒரு வரிக் கணக்கு உண்டு. குட்டித் துகள்களை 10⁻¹⁸ மீட்டருக்குள் அடைத்தால், நிச்சயமின்மை விதிப்படி அவற்றுக்குக் குறைந்தது 200 கிகா எலக்ட்ரான்வோல்ட் அளவில் ஆற்றல் இருக்கும். எலக்ட்ரானின் மொத்த நிறையே 0.511 மெகாதான். உள்ளடக்கம் ஏறத்தாழ நாலு லட்சம் மடங்கு கனம், மொத்தமோ இம்மியளவு. அத்தனையும் எப்படிக் கழிந்து போயிற்று என்று சொல்லும் பிரியான் கோட்பாடுதான் நிற்கும். பலர் முயன்றார்கள், இயல்பான விடை கிடைக்கவில்லை.

நிறையையும் ஸ்பின்னையும் நேராக முடிச்சுப் போடுகிற விதி ஒன்று இயற்கையில் நிஜமாகவே உண்டு. குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த மெசான்களில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ரோ மெசான், ஸ்பின் 1, நிறை 0.775 கிகா எலக்ட்ரான்வோல்ட். அடுத்தது ஸ்பின் 2, நிறை 1.318. அடுத்தது ஸ்பின் 3, நிறை 1.689. நிறையை வர்க்கமாக்குங்கள்: 0.60, 1.74, 2.85. ஸ்பின் ஒன்று ஏறும்போதெல்லாம் நிறையின் வர்க்கம் 1.1 சுமாருக்கு ஏறுகிறது. வரைபடத் தாளில் குறித்தால் நேர்கோடு. ரெஜ்ஜே கோடு என்று இதற்குப் பெயர். இரண்டு முனையிலும் குவார்க்கைக் கட்டிய ஒரு இழை சுழன்றால் இப்படித்தான் வரும் என்று கண்டுகொண்டதிலிருந்துதான் இழைக் கோட்பாடே 1970-ஐ ஒட்டிப் பிறந்தது. ஆனால் எலக்ட்ரான், மியூவான், அதைவிடக் கனமான உறவான டாவ் மூன்றுக்கும் ஸ்பின் அதே அரைதான், நிறை மட்டும் 1, 207, 3477 என்ற விகிதத்தில் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு இந்தக் கோட்டில் இடம் இல்லை.

அந்த மூன்று நிறைகளுக்கும் 1981-ல் ஜப்பானின் யோஷியோ கொய்டே ஒரு சூத்திரம் சொன்னார். மூன்றின் நிறையையும் கூட்டுங்கள். தனியாக மூன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கமாக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மூன்றில் இரண்டு வர வேண்டும் என்றார். செல்போன் கால்குலேட்டரிலேயே போடலாம். நிறைகள் 0.511, 105.66, 1776.9 மெகா எலக்ட்ரான்வோல்ட். கூட்டினால் 1883.07. வர்க்கமூலங்கள் 0.715, 10.279, 42.153. கூட்டினால் 53.147, வர்க்கமாக்கினால் 2824.6. வகுத்தால் 0.6667.

இதில் என்னைக் கட்டிப்போட்டது இந்த எண் மட்டும் இல்லை. கொய்டே எழுதிய காலத்தில் டாவின் அளந்த நிறை 1784-ஐ ஒட்டி இருந்தது. சூத்திரம் கேட்டதோ 1777. பொருந்தவில்லை. 1992-ல் பெய்ஜிங் ஆய்வகம் துல்லியமாக அளந்தபோது அளவீடு இறங்கி வந்து சூத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது. 2023-ல் ஜப்பானின் பெல் 2 ஆய்வு கொடுத்த மதிப்பு 1777.09, பிழை வரம்பு 0.14. சூத்திரம் கேட்பது 1776.97. இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறது.

இது ஏன் பொருந்துகிறது என்று ஏற்கத்தக்க கோட்பாடு இதுவரை இல்லை. வெறும் தற்செயல் என்பவர்கள்தான் அதிகம். மூன்று எண்களை வைத்து விளையாடினால் ஏதாவது ஓர் அழகான விகிதம் கிடைக்கத்தான் செய்யும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் முழுசாகச் சாயவில்லை. அளவீட்டுக்கு முன்னால் சொல்லப்பட்டு, அளவீடே பிறகு நகர்ந்து வந்து சேர்ந்த எண் இது. டாவின் நிறையை இன்னும் ஒரு இலக்கம் கூடுதலாக அளக்கும் வேலை பெய்ஜிங்கிலும் ஜப்பானிலும் நடந்துகொண்டிருக்கிறது. மதிப்பு 1776.97-ஐ விட்டு விலகினால் கொய்டே சூத்திரத்தை மூட்டை கட்டிவிடலாம். விலகாவிட்டால், அந்த மூன்றில் இரண்டு எங்கிருந்து வந்தது என்று யாராவது உட்கார்ந்து கண்டுபிடித்தே ஆக வேண்டும். என் வகுப்பில் எழுந்து கேட்கிற பிள்ளைகளில் ஒருத்தராக அவர் இருக்கக்கூடும் என்று எனக்கு ஆசை உண்டு.